கடன் தரும் வங்கியும் குடாநாட்டின் குடிநீரும்

குடாநாட்டில் ஒரு வீதி அகலிக்கப்படும்போதும் குழாய்கள் புதைக்கப்படும்போதும் அருகில் ஒரு பெயர்ப்பலகை நாட்டப்படுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். திட்டத்தின் பெயர், ஒப்பந்தக்காரரின் பெயர், அவற்றின் கீழே "ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியுடன்" என்ற வாசகம். இதனை வாசிக்கும் எம்மவர்களில் பலர், எங்கோ இருக்கும் ஒரு தர்ம ஸ்தாபனம் எமக்குக் கொடை வழங்குகின்றது என எண்ணிவிடுகின்றனர். வேறு சிலரோ, அந்நிய வல்லரசுகள் எம்மைக் கடன்பொறியில் சிக்கவைக்கும் சூழ்ச்சியே இது என்கின்றனர். இரண்டு எண்ணங்களும் முழுமையானவை அல்ல. அந்த வங்கி எவருக்குச் சொந்தமானது, எவ்வாறு இயங்குகின்றது, அங்கே எமது குரலுக்கு இடம் உண்டா என்பவற்றை அறிந்து வைத்திருப்பது அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தப் போகும் மக்களின் கடமையாகும். யாழ்ப்பாணம் – கிளிநொச்சி குடிநீர்த் திட்டத்தின் கதையை முன்வைத்து அதனை இங்கு விளக்க முனைகின்றோம்.

பிராந்திய அபிவிருத்தி வங்கி என்றால் என்ன?

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 இல், உலக வங்கிக்கு வித்திடப்பட்டது. எனினும் வொஷிங்டனில் அமர்ந்திருக்கும் ஒரு வங்கியினால் ஒவ்வொரு கண்டத்தினதும் தேவைகளை உணர முடியாது என்ற கருத்து வளரும் நாடுகளிடையே வலுப்பெற்றது. அதன் விளைவாகப் பிராந்திய வங்கிகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. 1959 இல் அமெரிக்க நாடுகளுக்கான வங்கியும், 1964 இல் ஆபிரிக்க அபிவிருத்தி வங்கியும், 1966 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியும், 1975 இல் ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு இஸ்லாமிய அபிவிருத்தி வங்கியும் உருவாகின. 2016 இல் பீஜிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி இவ்வரிசையில் சேர்ந்தது.

இவை எமது ஊர்களில் உள்ள வர்த்தக வங்கிகளைப் போன்றவை அல்ல. தனி மனிதர் ஒருவர் அங்கு சென்று கணக்குத் திறக்க முடியாது. அரசாங்கங்களே அவற்றின் பங்குதாரர்கள். பெரும்பாலும் அரசாங்கங்களே கடன்பெறுநர்களும் ஆவர். கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராக இருப்பவரே அச்சங்கத்தில் கடன் பெறுவதை நாம் அறிவோம். அதனை நாடுகளின் அளவுக்குப் பெருப்பித்துப் பார்த்தால் பிராந்திய வங்கியின் அடிப்படை ஓரளவு புலப்படும். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு. இங்கோ பங்குக்கு ஏற்பவே வாக்கு. வேறுபாடு அங்கேதான் ஆரம்பிக்கின்றது.

ஆசிய அபிவிருத்தி வங்கியின் தாபக உடன்படிக்கை 1965 டிசம்பரில் மணிலாவில் கைச்சாத்தானது. 1966 டிசம்பர் 19 ஆந் திகதி 31 அங்கத்துவ நாடுகளுடன் வங்கி தனது பணியை ஆரம்பித்தது. அன்றைய இலங்கையும் அந்த ஆரம்ப அங்கத்தவர்களுள் ஒன்று. இத்தகைய வங்கி ஒன்று ஆசியாவுக்கு வேண்டும் என்று ஆரம்பகாலத்தில் வலியுறுத்தியவர்களுள், இலங்கை வங்கியின் பொது முகாமையாளராக விளங்கிய தமிழரான சி. லோகநாதனும் ஒருவராகக் குறிப்பிடப்படுவதுண்டு. இலங்கைக்கான முதலாவது கடன் 1968 இல் தேயிலைத் தொழிற்சாலைகளை நவீனப்படுத்துவதற்காக வழங்கப்பட்டது. இன்று வங்கியின் அங்கத்தவர் தொகை 69 ஆகும்.

அதிகாரம் எங்கே இருக்கின்றது?

வங்கியின் உச்ச அதிகாரம் ஆளுநர் சபையிடம் உள்ளது. ஒவ்வோர் அங்கத்துவ நாடும் ஓர் ஆளுநரை நியமிக்கும். வழக்கமாக நிதியமைச்சரே அப்பதவியை வகிப்பார். ஆண்டுக்கு ஒரு தடவை கூடும் இச்சபை, புதிய அங்கத்தவரைச் சேர்த்தல், மூலதனத்தை அதிகரித்தல், தலைவரைத் தெரிவு செய்தல் போன்ற பெரிய விடயங்களைத் தீர்மானிக்கும்.

அதற்கு அடுத்தது பணிப்பாளர் சபை. 12 பணிப்பாளர்களைக் கொண்ட இச்சபையே மணிலாவில் நிரந்தரமாக இருந்து கடன்களை அங்கீகரிக்கின்றது. பிராந்தியத்துக்கு உட்பட்ட நாடுகளிலிருந்து எட்டுப் பேரும், ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற வெளிப் பிராந்தியங்களிலிருந்து நால்வரும் தெரிவாகின்றனர். ஜப்பான், அமெரிக்கா, சீனா ஆகியன தமக்கென ஒவ்வொரு பணிப்பாளரைக் கொண்டுள்ளன. ஏனைய நாடுகள் தொகுதிகளாகச் சேர்ந்து ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டும். இலங்கையானது தென் கொரியா, வியட்நாம், பப்புவா நியூகினி, உஸ்பெகிஸ்தான் முதலிய நாடுகளுடன் ஒரே தொகுதியில் அடங்குகின்றது.

பங்குரிமையைப் பார்ப்போமாயின், ஜப்பானும் அமெரிக்காவும் தலா ஏறத்தாழ 15.6 வீதத்தைக் கொண்டுள்ளன. சீனாவும் இந்தியாவும் ஒவ்வொன்றும் ஆறு வீதத்துக்குச் சற்று அதிகமாக வைத்திருக்கின்றன. இலங்கையின் பங்கு ஒரு வீதத்தைக்கூட எட்டாதது. சிறிய நாடுகள் முற்றாக அமிழ்ந்துவிடாதிருக்க, மொத்த வாக்குகளில் 20 வீதம் சகல அங்கத்தவர்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுகின்றது. எஞ்சியவை பங்குக்கு ஏற்பவே அமையும். மேலும் மூலதனத்தில் குறைந்தது 60 வீதம் பிராந்திய நாடுகளிடமே இருக்க வேண்டும் என்பது சாசன விதி. வங்கியின் தலைவர் பதவியை 1966 முதல் இன்றுவரை ஜப்பானியர்களே வகித்து வருகின்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது. 2025 பெப்ரவரியில் பதவியேற்ற மசாத்தோ கண்டாவும் ஜப்பானியரே.

பணம் எங்கிருந்து வருகின்றது?

அங்கத்துவ நாடுகள் பங்குப் பணம் முழுவதையும் ரொக்கமாகச் செலுத்துவதில்லை. சிறிய ஒரு பகுதியே செலுத்தப்படுகின்றது. மிகுதி, நெருக்கடி ஏற்பட்டால் தருவோம் என்ற உத்தரவாதமாகவே இருக்கும். அந்த உத்தரவாதத்தின் பலத்தினால் வங்கிக்கு உலகின் அதியுயர் கடன்தர மதிப்பீடு கிடைக்கின்றது. அதனைக் கொண்டு சர்வதேசச் சந்தைகளில் பிணைமுறிகளை விற்று, குறைந்த வட்டியில் பணம் திரட்டுகின்றது. பின்னர் அப்பணத்தைச் சிறிய மேலதிக வட்டியுடன் எம்மைப் போன்ற நாடுகளுக்குக் கடனாக வழங்குகின்றது. இலங்கை அரசாங்கம் நேரடியாகச் சந்தைக்குச் சென்றால் இந்த வட்டிக்கு ஒருபோதும் பணம் கிடைக்காது. இதுவே இவ்வங்கியினால் எமக்குக் கிடைக்கும் முதன்மையான நன்மையாகும்.

வறிய நாடுகளுக்கென ஆசிய அபிவிருத்தி நிதியம் என்ற தனி நிதியமொன்றும் 1974 முதல் இயங்கி வருகின்றது. 2017 இல் அதன் கடன் வழங்கும் பகுதி வங்கியின் சாதாரண மூலதனத்துடன் இணைக்கப்பட்ட பின்னர், அந்நிதியம் நன்கொடைகளையே வழங்கி வருகின்றது. 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர், 2023 இல் சலுகை வட்டிக் கடன்களைப் பெறும் தகுதி இலங்கைக்கு வழங்கப்பட்டது.

இங்கு எமது முஸ்லிம் வாசகர்களின் மனதில் எழக்கூடிய கேள்வி ஒன்றையும் குறிப்பிடுதல் பொருத்தமானது. வட்டியற்ற முறையில் இத்தகைய நிதியைப் பெற வழியில்லையா? ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி, பொருளை வாங்கி இலாபத்துடன் விற்கும் முராபஹா, குத்தகை முறையிலான இஜாரா, கட்டிக் கையளிக்கும் இஸ்திஸ்னா போன்ற ஷரீஆ வழிமுறைகளில் உட்கட்டமைப்புக்கு நிதி வழங்குகின்றது. ஆயினும் அதன் 57 அங்கத்துவ நாடுகளுள் இலங்கை இல்லை. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பில் அங்கத்துவம் பெறுவதே அவ்வங்கியில் சேர்வதற்கான அடிப்படை நிபந்தனை. அந்த அமைப்பிலும் இலங்கை அங்கம் வகிப்பதில்லை. ஆகவே இந்நாட்டின் பெருந்திட்டங்களுக்கான கடன்கள் பெரும்பாலும் வட்டியுடனேயே வருகின்றன. அவற்றின் சுமை இன மத பேதமின்றி அனைவரின் வரிப்பணத்திலும் விழுகின்றது.

இரணைமடுவிலிருந்து தாளையடி வரை

வங்கி இயங்கும் முறையை ஏட்டளவில் அறிவதிலும், எமது கண்முன் நடந்த ஒன்றைக் கொண்டு அறிவதே மேல்.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைக்காலத்தில் மாத்திரம் ஓடும் வழுக்கியாறு ஒன்றே எமக்குள்ளது. சுண்ணாம்புக்கல் படுகையில் தேங்கும் மழைநீரே கிணறுகளை நிரப்புகின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் உட்புகும். தோட்டங்களில் இடும் இரசாயன உரமும் மலசலகூடக் குழிகளின் கழிவும் நைத்திரேற்றாக நிலத்தடி நீரில் கலக்கின்றன. 2014, 2015 காலப்பகுதியில் சுன்னாகம் பிரதேசக் கிணறுகளில் எண்ணெய் மாசு காணப்பட்டமை ஏற்படுத்திய பதற்றத்தை எவரும் மறந்திருக்க முடியாது.

இந்நிலையிலேயே, போர் முடிவுற்ற மறு ஆண்டான 2010 இல், யாழ்ப்பாணம் – கிளிநொச்சி நீர் வழங்கல் மற்றும் சுகாதாரத் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 90 மில்லியன் டொலரை அங்கீகரித்தது. பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகமும் இணை நிதி வழங்க முன்வந்தது. திட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்தின் கொள்ளளவைக் கூட்டி, அதிலிருந்து குடாநாட்டுக்கு நீர் கொண்டுவருவதே மூலத் திட்டமாகும்.

காகிதத்தில் இலகுவாகத் தோன்றிய இத்திட்டம் களத்தில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. இரணைமடுவை நம்பி வாழும் விவசாயிகள், காலபோகத்தைத் தொடர்ந்து சிறுபோகத்துக்கே நீர் போதாதிருக்கும்போது குடாநாட்டுக்கு எவ்வாறு தருவது என்று கேட்டனர். போரினால் அனைத்தையும் இழந்து, மீளக்குடியேறி, வயலை மாத்திரமே நம்பியிருந்த மக்களின் கேள்வி அது. மறுபுறத்தில், ஒரு குடம் நல்ல நீருக்காகப் பவுசரைக் காத்திருந்த தீவக மக்களின் தேவையும் பொய்யானது அன்று. இரு பக்கமும் நியாயம் இருந்தது. இரு பக்கமும் எம்மவர்களே இருந்தனர். 2013 இல் தெரிவான வட மாகாண சபையும் இவ்விவகாரத்தில் சிக்குண்டு விவாதித்தது.

ஈற்றில் இரணைமடு நீர் என்ற யோசனை கைவிடப்பட்டு, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கத் தீர்மானிக்கப்பட்டது. அதற்காக 2017 இல் வங்கி மேலதிகமாக 120 மில்லியன் டொலரை அங்கீகரித்தது. அங்கும் கடற்றொழிலாளர்கள், வெளியேற்றப்படும் அடர் உவர்நீரினால் மீன்வளம் பாதிக்கப்படும் என அச்சம் தெரிவித்தனர். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரை வழங்கக்கூடிய அந்நிலையம் 2024 ஓகஸ்ட் 2 ஆந் திகதி அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவினால் திறந்து வைக்கப்பட்டது. ஏறத்தாழ 3 இலட்சம் மக்களுக்கு நீர் வழங்குவதே இலக்கு. அதாவது, நிலையம் முழு அளவில் இயங்கினால் ஆளொருவருக்கு நாளுக்கு 80 லீற்றர்.

2010 இல் அங்கீகாரம்; 2024 இல் திறப்புவிழா. இடைப்பட்ட 14 ஆண்டுகள் எமக்குப் புகட்டும் பாடம் யாது?

வங்கி யாருடன் பேசுகின்றது?

ஒரு கடன் பிறப்பதற்கு முன் பல படிகள் உள்ளன. முதலில் நாட்டுக்கான பங்காண்மை உபாயம் தயாரிக்கப்படும். பின்னர் சாத்தியவள ஆய்வு, மதிப்பீடு, பேச்சுவார்த்தை, பணிப்பாளர் சபையின் அங்கீகாரம், ஒப்பந்தக் கைச்சாத்து, நடைமுறைப்படுத்தல், நிறைவு அறிக்கை, சுயாதீன மதிப்பாய்வு எனத் தொடரும். இப்படிகள் அனைத்திலும் வங்கியின் எதிரே அமர்ந்திருப்பது மத்திய அரசாங்கமே. கொழும்பில் நிதியமைச்சும் அதன் வெளிநாட்டு வளங்கள் திணைக்களமும், வங்கியின் வதிவிட அலுவலகமும் இணைந்தே பேசுகின்றன. அரசியல் விவகாரங்களில் தலையிடக்கூடாது, பொருளாதாரக் காரணங்களை மாத்திரமே கருத்திற்கொள்ள வேண்டும் என வங்கியின் சாசனமும் விதிக்கின்றது. இதனால் மாகாண சபையோ, கமக்காரர் அமைப்போ, கடற்றொழிலாளர் சங்கமோ ஒப்பந்தத்தின் தரப்பினர் அல்லர், கலந்தாலோசிக்கப்படுவோர் மாத்திரமே. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றதன் பின்னர் அந்த இடைக்குரலும் இல்லாது போயிற்று.

இரணைமடுவில் நிகழ்ந்தது இதுவே. குளத்தின் நீரைப் பங்கிடும் இணக்கம் முதலிலும், கடன் பின்னரும் வந்திருக்க வேண்டும். கடன் முதலில் வந்தது, இணக்கம் வரவேயில்லை.

தீவகத்தில் இன்னுமோர் அனுபவம் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் காற்று, சூரிய சக்தி கலந்த மின் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன் ஒதுக்கப்பட்டிருந்தது. வங்கியின் கேள்விப்பத்திர விதிகளின்படி அங்கத்துவ நாடுகளின் நிறுவனங்கள் போட்டியிடலாம். அவ்வாறு போட்டியிட்ட சீன நிறுவனமொன்று 2021 இல் தெரிவானது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டின் முடிவில் சீனத் தரப்பு விலகிக் கொண்டது. 2022 இல் இந்தியா நன்கொடையாக அத்திட்டத்தைப் பொறுப்பேற்க, வங்கிக் கடன் தேவையற்றதாயிற்று. பொருளாதாரக் காரணங்களை மாத்திரமே கருதுவதாகக் கூறும் வங்கியின் திட்டங்களும் அயல் வல்லரசுகளின் அரசியலிலிருந்து தப்புவதில்லை என்பதற்கு இது சான்று.

திருப்பிச் செலுத்துபவர் யார்?

இவ்வங்கியின் கடன் டொலரில் கணிக்கப்படுகின்றது. 2010 இல் ஒரு டொலரின் பெறுமதி 115 ரூபாவுக்கும் குறைவு. 2022 இல் அது 360 ரூபாவைக் கடந்தது. வட்டி எவ்வளவு குறைவாயினும் ரூபாவின் வீழ்ச்சி அந்தச் சலுகையை விழுங்கிவிடக்கூடும்.

இன்னுமொரு முக்கியமான விடயம் உண்டு. 2022 ஏப்ரல் 12 ஆந் திகதி இலங்கை தனது வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்துவதாக அறிவித்தபோதும், ஆசிய அபிவிருத்தி வங்கி, உலக வங்கி போன்ற பலதரப்பு நிறுவனங்களின் கடன்கள் அதிலிருந்து விலக்கப்பட்டன. எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற நாட்களிலும் அக்கடன்கள் செலுத்தப்பட்டு வந்தன. ஏனைய கடன்களைப் போல இவற்றை மறுசீரமைப்பதோ தள்ளுபடி செய்வதோ வழமையன்று. முன்னுரிமைக் கடன்வழங்குநர் என்ற இத்தகுதியே வங்கியினால் குறைந்த வட்டிக்குப் பணம் தர முடிவதன் இரகசியமும் ஆகும். எனவே, எவ்வளவு மலிவான கடனாயினும் அது கடைசி ரூபா வரை செலுத்தப்பட வேண்டிய கடன் என்பதை நாம் உணர வேண்டும்.

தாளையடி நிலையத்தைப் பொறுத்தவரை செலவு திறப்புவிழாவுடன் முடிவதில்லை. கடல்நீரைச் சவ்வுகளினூடாக அழுத்தி வடிகட்டும் இம்முறையில், ஒரு கன மீற்றர் நீருக்கு பொதுவாக 3 முதல் 4 அலகு வரை மின்சாரம் தேவைப்படுகின்றது. முழு அளவில் இயங்கினால் நாளொன்றுக்கு 72,000 அலகுகளுக்குக் குறையாத மின்சாரம் வேண்டும். மின்கட்டணம் உயரும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சுமையை நீர்ப் பட்டியல் தாங்குமா, அரச மானியம் தாங்குமா என்பதே எதிர்வரும் ஆண்டுகளின் கேள்வி.

எமக்குத் திறந்துள்ள கதவுகள்

ஒப்பந்தத்தில் நாம் தரப்பினர் அல்லர் என்பதனால் எமக்கு எந்த வழியும் இல்லை என்று கருதிவிடக்கூடாது. மூன்று கதவுகள் உள்ளன.

முதலாவது, தகவல். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், திட்டத்தை நடத்தும் அரச நிறுவனத்திடம் எந்தப் பிரசையும் விண்ணப்பிக்கலாம். வங்கியும் தனது சுற்றாடல் மதிப்பீடுகளையும் முன்னேற்ற அறிக்கைகளையும் பகிரங்கப்படுத்தக் கடமைப்பட்டுள்ளது.

இரண்டாவது, பாதுகாப்பு விதிகள். சுற்றாடல், காணி இழப்பு, பழங்குடியினர் ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய கொள்கையை வங்கி 2009 இல் வகுத்தது. 2024 நவம்பரில் அதற்குப் பதிலாகப் புதிய சுற்றாடல், சமூகச் சட்டகம் ஒன்று அங்கீகரிக்கப்பட்டது. இவ்விதிகளின்படி, காணி உறுதி இல்லாதவரும்கூட வாழ்வாதாரத்தை இழந்தால் உதவிக்கு உரித்துடையவர். இடம்பெயர்ந்து உறுதிகளைத் தொலைத்தவர்களும், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு நெடுங்காலத்தின் பின்னர் சோனகத்தெருவுக்கு மீண்டு வந்த முஸ்லிம் குடும்பங்களும் நிறைந்த மாவட்டம் இது. ஆகவே எந்தத் திட்டத்தினதும் கணக்கெடுப்பில் இவர்கள் விடுபடாதிருப்பதைச் சமூக அமைப்புகள் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, முறைப்பாடு. வங்கியின் பொறுப்புக்கூறல் பொறிமுறை 2003 இல் உருவாக்கப்பட்டு 2012 இல் திருத்தப்பட்டது. ஒரு திட்டத்தினால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட இருவரோ அதற்கு மேற்பட்டோரோ மணிலாவுக்கு எழுதலாம். எமது மொழியிலேயே எழுதலாம். பெயரை இரகசியமாக வைத்திருக்குமாறும் கோரலாம். ஆனால் முதலில் திட்டத்துக்குப் பொறுப்பான வங்கி அதிகாரிகளிடம் முறையிட்டிருக்க வேண்டும். பிணக்கைப் பேசித் தீர்க்க ஓர் அலுவலகமும், வங்கி தனது விதிகளை மீறியதா என விசாரிக்கச் சுயாதீனமான ஒரு குழுவும் உண்டு. அக்குழுவின் முன் 2004 இல் சென்ற ஆரம்ப முறைப்பாடு இலங்கையிலிருந்தே சென்றது. தெற்கு அதிவேகப் பாதையினால் வீடு வாசல் இழந்தோர் தொடுத்த அம்முறைப்பாட்டில், வங்கி தனது விதிகளைச் சரிவரப் பின்பற்றவில்லை என்று குழு கண்டது. பாதை நிறுத்தப்படவில்லை, எனினும் திருத்த நடவடிக்கைகள் விதந்துரைக்கப்பட்டு, அவை பல ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டன. தெற்கின் கிராமத்தவர்களால் இயன்றது வடக்கின் கிராமத்தவர்களால் இயலாததன்று.

நாம் கூற விரும்புவது இதுதான். ஆசிய அபிவிருத்தி வங்கி எமது நண்பனும் அல்ல, பகைவனும் அல்ல. பங்குதாரர்களின் பணத்தைப் பாதுகாத்துக்கொண்டு கடன் கொடுக்கும் ஒரு நிறுவனம். அது எமது வீதிகளைச் செப்பனிடவும் குழாய்களில் நீர் வரவும் வழிசெய்திருக்கின்றது. எமது சந்ததி செலுத்த வேண்டிய கடனையும் விட்டுச் செல்கின்றது. அக்கடன் பயனுள்ளதாவதும் வீணாவதும், திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே எமது விவசாயிகளும், கடற்றொழிலாளர்களும், நீருக்காகக் காத்திருக்கும் குடும்பங்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுகின்றார்களா என்பதிலேயே தங்கியுள்ளது. இரணைமடு விடயத்தில் அந்த மேசையைப் போட நாம் தவறினோம். அடுத்த பெயர்ப்பலகை நாட்டப்படுவதற்கு முன்னராவது அதனைப் போட்டாக வேண்டும்.